எங்கள் பசுவுக்கு மதி வந்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டு எழும்போது, இன்றைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றும். கடைத்தெருவுக்குப் போகிற வழியில் யாராவது நிறுத்தி, "உங்க வீட்டுப் பசு வாயில மல்லிப்பூ வாசனை வந்ததாமே, உள்ளதா?" என்று கேட்பார்கள். அவர்கள் முகத்தில் இருக்கிற பக்தியைப் பார்த்தால் நடந்ததைச் சொல்ல மனசு வராது. "எல்லாம் பகவான் செயல்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். அது பொய்யில்லை. முழு விஷயமும் இல்லை.

இன்னொரு தயக்கம், என் படிப்பு. பத்தாம் கிளாஸோடு நின்றவன் நான். கேரளத்தில் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் எடைபோட்டு மூட்டை கட்டி அனுப்புகிற வேலை பார்த்தேன். நான் எழுதின எழுத்தெல்லாம் சாக்கின் மேல் மை தொட்டு எழுதின ஊர்ப்பெயர்கள்தான். அதிலும் ஒரு தடவை வித்துராவில் இறங்கவேண்டிய மிளகாய்வற்றல் பொன்முடிக்குப் போய், மலைமேல் குளிரை அனுபவித்துவிட்டுத் திரும்பி வந்தது.

மூன்றாவது, இந்தக் கதையில் வருகிற ஒரு வார்த்தை. அதை நான் ஒரு பெண் டாக்டரிடம் போனில் உரக்கச் சொல்லியிருக்கிறேன், அதுவும் திரும்பத் திரும்ப. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கடைசியில் என் மனைவிதான், "எழுதிப் போடுங்க. நீங்க எழுதாட்டா அடுத்த வீட்டு மாமி சொல்லுகதுதான் நிலைக்கும்" என்றாள். மாமி சொல்கிற கதையில் இப்போது பசுவின் வாயிலிருந்து புல்லாங்குழல் சத்தமும் வர ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. இனியும் தாமதிக்கக் கூடாது.

கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்னால் ஒரு துண்டு நிலம். கடை வேலையிலிருந்து நின்றபோது எனக்கு ஒரே ஆசை, பக்கத்துக் கோயிலில் காலை அபிஷேகத்துக்கு என் வீட்டுப் பசுவின் பால் போகவேண்டும். அதற்காகத்தான் ஜெர்சி கலப்பில் ஒரு சினைப்பசுவை வாங்கினேன். அவளுக்கு அம்பாளின் பெயர் வைத்தேன். அந்தப் பெயரை இந்தக் கதையில் இழுக்கவேண்டாம் என்று பசு என்றே எழுதுகிறேன்.

என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவன்; கோபம் வந்தால் மலையாளம், காரியம் ஆகவேண்டுமென்றால் தமிழ். அந்தத் துண்டு நிலத்தில் அவனுக்குக் கார் நிறுத்தவேண்டும். ஓணத்துக்குக் கார் வருவதாக ஏற்பாடு. பசு வந்த அன்றே என்னை உட்காரவைத்துப் பேசினான்.

"அப்பா, பசு பெத்துப் பால் தந்து மறுபடி சினையானா நிக்கட்டும். நான் ஒண்ணும் பறையமாட்டேன். ஓணத்துக்குள்ள சினை பிடிக்கல்லேன்னா தரகர் வந்து கொண்டுபோகட்டும். சம்மதம்தானே?"

சம்மதம் என்றேன். அப்போது அது லேசாகத் தெரிந்தது.

தரகர் வித்துரா பக்கத்து ஆள். சின்ன லாரி வைத்திருந்தார். அந்த லாரி மாட்டோடு போகும், காலியாகத் திரும்பும். நடுவில் எங்கே நின்றது என்று யாரும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குங்குமம் வைத்து, பின்பக்கம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஒரு பசுவின் கயிற்றை அந்த லாரிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் நான் எந்த முகத்தோடு விளக்கேற்றுவேன்? இதுதான் எனக்கு இருந்த பயம். இந்தக் கதை முழுக்க அந்த பயம்தான் என்னைப் பிடித்து ஓட்டியது.

பசு நிறைமாசமானபோது என் மனைவி அதை வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த மகளைப் போல் கவனித்தாள். அவள் நாஞ்சில் நாட்டில் வயலும் மாடும் உள்ள வீட்டில் பிறந்தவள். "வாயும் வயிறுமா இருக்கா, கேட்டதக் கொடுக்கணும்" என்பாள். பசு ஒன்றும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தேங்காய்ப் பிண்ணாக்கு, அரிசிக் கஞ்சி, கோயில் பாயசம், பழுத்த ஏத்தன்பழம், எல்லாம் போயிற்று. கொம்புக்கு வளையல் போட்டு சீமந்தம் நடத்தினார்கள். அடுத்த வீட்டு மாமி, அக்ரகாரத்தில் வளர்ந்தவர், வந்து பாட்டே பாடினார். பசு ஊதி உருண்டு, முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், நடுமுதுகில் குடம் வைத்தால் நிற்கும் போல ஆகிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பங்குனியில் கிடாரிக் கன்று போட்டது. சுகப்பிரசவம். நஞ்சுக்கொடி தானாக விழுந்தது. சீம்பால் தெருவுக்கே போயிற்று.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தோம். பசுவுக்குப் பத்தியம் போட்டோம்.

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு வயிறு நிறையச் சோறு கிடையாது. தண்ணீர் அளந்து கொடுப்பார்கள், அதுவும் கொதித்து ஆறியது. சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு எல்லாம் அரைத்துக் கருப்பட்டியில் கிண்டிய மருந்து உருண்டை காலையும் மாலையும். என் மனைவி அந்த முறையை அப்படியே தொழுவத்துக்குக் கொண்டுபோனாள். பச்சைப்புல் குளிர்ச்சி என்று நிறுத்தினாள். தீவனம் மந்தம் என்று ஒரு பிடியாக்கினாள். தேங்காய் அளவு மருந்து உருண்டையை வாயைப் பிளந்து உள்ளே தள்ளினாள்.

"கொஞ்சம் புல்லு போட்டா என்னட்டீ?" என்றேன்.

"பெத்த உடம்பாக்கும். உங்களுக்கு என்ன தெரியும்? நீங்களா பெத்திய?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தேன்.

பாலோ குறையவில்லை. மடி நிறைய நிறைய வந்தது. அபிஷேகத்துக்குப் போய், கன்று குடித்து, வீட்டில் உறை ஊற்றி, மாமிக்கும் போயிற்று. பசு மட்டும் நாளுக்கு நாள் வற்றியது. முதுகெலும்பு வெளியே வந்து தலைகாட்டியது. பத்தியத்தில் இளைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு ஏகாதசி அன்று பசு இருந்த ஒரு பிடித் தீவனத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வைக்கோலை மட்டும் நாலு இழை கடித்தது. நானும் அன்று உபவாசம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாள் துவாதசி, நான் பாரணை செய்து சாப்பிட்டுவிட்டேன். பசு சாப்பிடவில்லை. என்னைவிட வைராக்கியம் அதிகம் என்று நினைத்தேன்.

தொழுவத்துச் சுவரில், கடையில் கொடுத்த காலண்டர் ஒன்று மாட்டியிருந்தோம். குழல் ஊதுகிற கண்ணன் படம். பசு அதன் பக்கம் திரும்பி நின்று கண்ணனின் பாதத்தை நக்க ஆரம்பித்தது. நக்கியது, நக்கியது, நிறுத்தவே இல்லை. சாயங்காலத்துக்குள் கண்ணனுக்கு முழங்கால் வரை வெளுத்துவிட்டது.

பிறகுதான் அந்த வாசனை. மருந்து உருண்டையைத் திணிக்க வாயைப் பிளந்த என் மனைவி, கையை அப்படியே வைத்துக்கொண்டு, "இங்க வாருங்க, வந்து மோந்து பாருங்க" என்றாள். போனேன். இனிப்பான ஒரு மணம். பழுத்த பழம் போல, ஆனால் எந்தப் பழமும் இல்லை. பூ போல, ஆனால் எந்தப் பூவும் இல்லை. வேலியின் அந்தப் பக்கமிருந்து மாமி வந்தார். பசுவின் மூக்குக்கு நேராகக் குனிந்து கண்ணை மூடினார்.

"மல்லிப்பூ. சாட்சாத் மல்லிப்பூவன்னா இது. ஏகாதசிக்குத் தீனி தொடலை, சுவாமி பாதத்த விடலை, இப்ப இந்த வாசனை. அண்ணாச்சி, நீங்க குடுத்து வச்சவர்."

நான் அழுதுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்று வந்த கண்ணீர் நல்ல கண்ணீர்தான்.

மாமிக்குத் தெரிந்தால் கரமனைக்கே தெரிந்த மாதிரி. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வரிசையாக வந்து, கொண்டுவந்த பழத்தைப் பசுவின் முன் வைத்து, அது சாப்பிடாததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூச்சுக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் சந்தனம் என்றார்கள், ஒருவர் பச்சைக்கற்பூரம் என்றார். வாசனையை வைத்து ஜாதகம் பார்க்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த மகன் பின்பக்கம் பல் தேய்க்க வந்தபோது, வரிசையில் நின்ற ஒருவர் அவனை "க்யூவுல வாங்க" என்றுவிட்டார். அவன் கிணற்றடியிலிருந்தே மிருகாசுபத்திரிக்குப் போன் போட்டான்.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். இளவயசுப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மலையாளிதான், ஆனால் கேரள எல்லையோரத் தமிழ் ஊர்களில் முன்பு வேலை பார்த்ததால் தமிழும் கலந்து பேசினார். மாமி வழிமறித்து, "செருப்ப வெளில விட்டுட்டு வாங்கோ" என்றார்.

"அம்மா, நான் சாமி கும்பிட வந்ததில்ல, பசுவப் பார்க்க வந்தது" என்று டாக்டர் சிரித்தார். பிறகு தொழுவத்துத் தரையைப் பார்த்தார். "இந்தச் சாணியில வெறுங்காலா நடக்கச் சொல்றீங்களா?"

மாமி விட்டுவிட்டார். டாக்டர் பசுவின் வாயருகே குனிந்தார். வரிசை முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"கிட்டியல்லோ" என்றார் டாக்டர்.

"கிடைச்சுதா? மல்லிப்பூதானே?" என்றார் மாமி.

"இல்லம்மா. நகத்துல பாலிஷ் அழிக்கிற மருந்து இருக்கில்ல, அந்த வாசனை. அசெட்டோன்."

மாமி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் நகத்துக்குச் சாயம் பூசினவர் இல்லை.

டாக்டர் மூத்திரம் வேண்டுமென்றார். என் மனைவி பூஜைக்குக் கோமியம் பிடிக்கிற பித்தளைச் சொம்பிலேயே பயபக்தியாகப் பிடித்துக் கொண்டுவந்தாள். டாக்டர் ஒரு வெள்ளைப் பொடியின் மேல் அதில் சில சொட்டு விட்டார். பொடி அப்படியே கத்தரிப்பூ நிறமாக மாறியது. பின்னால் யாரோ "நீலமேக சியாமளா" என்றார்கள்.

"கீட்டோசிஸ்" என்றார் டாக்டர்.

"என்ன சொல்றா? கீதையிலயா?" என்று மாமி என் மனைவியைக் கேட்டார்.

டாக்டர் எழுந்து கை கழுவிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி, இது தெய்வமொந்நும் அல்ல. பசு பட்டினியா."

அந்த வார்த்தை இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். பிரசவத்துக்கு முன்னால் நாங்கள் அதைக் கொழுக்கவைத்தோம். கொழுத்த பசுவுக்கு ஈன்ற பிறகு பசி மந்தப்படும். அந்த நேரத்தில்தான் பால் கட்டுக்கடங்காமல் சுரக்கும், அதற்கு இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டும். நாங்களோ இருந்ததையும் பத்தியம் என்று பிடுங்கிக்கொண்டோம். பசு பாலை நிறுத்தவில்லை. தன் உடம்புக் கொழுப்பையே உருக்கிப் பால் கொடுத்தது. உருகுகிற கொழுப்பை ஈரலால் சமாளிக்க முடியாமல் போய், ரத்தத்தில் சேர்ந்த கழிவின் வாசனைதான் நாங்கள் முகத்தில் வாங்கிக்கொண்டது. தீவனத்தை வெறுப்பது அதனால்தான். மூளைக்குச் சர்க்கரை போதாமல்தான் கண்டதையும் நக்குகிறது.

"அப்ப அந்த காலண்டர்?" என்றேன்.

"காலண்டர் இல்லன்னா சுவரை நக்கும். சுவர் இல்லன்னா உங்களை நக்கும்."

வரிசை கலைந்தது. கொண்டுவந்த பழத்தைச் சிலர் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். என் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். டாக்டர் அவள் தோளில் கை வைத்து, "சேச்சி விஷமிக்கண்டா, வருத்தப்படாதீங்க. ஸ்னேகத்துல செஞ்சதுதானே. மனுஷ ஸ்திரீக்கே இந்தப் பத்தியம் கூடாது, தெரியுமோ?" என்றார். அதைக் கேட்டு என் மனைவி அழுதாள். அவளுடைய பிரசவ காலம் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். ஒரு குப்பியில் இனிப்பான திரவ மருந்து கொடுத்து, தினமும் வாயில் ஊற்றச் சொன்னார். பச்சைப்புல்லும் தண்ணீரும் வேண்டுமட்டும், தீவனத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றவேண்டும், தாது உப்பு சேர்க்கவேண்டும் என்றார். நான் என் பயத்தைச் சொன்னேன். ஓணம், கார், லாரி, எல்லாம்.

டாக்டர் யோசித்தார். "தன் வயிறே நிறையாத பசு அடுத்த கன்றுக்கு எப்படி வழி பண்ணும்? கர்ப்பப்பை கடையைப் பூட்டி வச்சிருக்கு. தேகம் நல்லா ஆகட்டும், தானே திறக்கும்." ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார். "மதி வந்நா விளிச்சா மதி."

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி விளக்கவேண்டும். விளிப்பது என்றால் கூப்பிடுவது. மதி என்றால் மலையாளத்தில் போதும். சோறு மதி, காப்பி மதி என்று தினமும் நாங்களும் சொல்வதுதான். ஆகவே "விளிச்சா மதி" என்றால் கூப்பிட்டால் போதும். அந்த முதல் மதி? எனக்குச் சந்தேகமே வரவில்லை. மதி என்றால் சந்திரன். சந்திரன் வந்தால் கூப்பிட்டால் போதும். பௌர்ணமிக்கும் பெண்ணுடம்புக்கும் சம்பந்தம் உண்டு என்று கதாகாலட்சேபத்தில் கேட்டிருக்கிறேன். இங்கிலீஷ் வைத்தியம் படித்த பெண்ணுக்கு இவ்வளவு சாஸ்திரம் தெரிந்திருக்கிறதே என்று அந்த ஸ்கூட்டர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பசு தேறியது. வாசனை போயிற்று. தீவனத் தொட்டியை மூக்கால் தள்ளிக் கேட்க ஆரம்பித்தது. வைகாசிப் பௌர்ணமி வந்தது. சாயங்காலம் தென்னைமரத்துக்குப் பக்கத்தில் சந்திரன் எழும்பியதும் போன் செய்தேன்.

"டாக்டரே, மதி வந்தாச்சு."

"அப்படியா? காலையில வந்துடறேன்" என்றார், சந்தோஷமாக.

மறுநாள் காலையில் வந்தவர் கேள்வி கேட்டார். இப்போது நினைத்தால் அந்த உரையாடலில் எங்கே தப்பு நடந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"எப்போ பார்த்தது?"

"அந்திக்கு. தென்னைமரத்துக்கிட்ட."

"அங்கே கட்டியிருந்தீங்களா? சரி. நின்னதா?"

"அசையாம நின்னுது, டாக்டரே."

"நல்ல லட்சணம். எத்தனை நேரம்?"

"ராத்திரி முழுக்க. விடியக்காலம் போச்சு."

"கரெக்ட்" என்றார் டாக்டர். நீளக் கையுறை மாட்டி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஒண்ணும் காணலையே. மதி கழிஞ்ஞுபோயி. பரவாயில்ல, இனி மூணு வாரம் கழிச்சு வரும். வந்த உடனே விளிக்கணும்."

மூன்று வாரத்தில் எப்படிப் பௌர்ணமி வரும்? பாவம், பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கமில்லாத வீடு போலிருக்கிறது என்று நினைத்தேன். படித்தவரைத் திருத்தவேண்டாமென்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆனிப் பௌர்ணமியன்று காலை முதல் கொட்டியது. வானம் முழுக்க மூடிக் கிடந்தது. மாடியிலும் முற்றத்திலும் குடையோடு நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் காருக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். மனசு கேட்காமல் போன் செய்தேன்.

"டாக்டரே, இந்த மாசம் மதி கண்ணுக்குத் தெரியல்ல. ஆனா வந்திருக்கு. உறப்பா, நிச்சயமா வந்திருக்கு."

"கண்ணுக்குத் தெரியல்லன்னா எப்படி வந்ததுன்னு சொல்றீங்க?"

"பஞ்சாங்கத்துல போட்டிருக்கு."

"பஞ்சாங்கத்துலயா?"

"மேகம் மூடியிருக்கு, அதனாலயாக்கும்" என்று நானே விளக்கினேன்.

"மேகமோ?" என்றார் டாக்டர். பிறகு ஒரு மாதிரி சத்தம் கேட்டது. லைன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சிரிப்பு. போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். மலையாளத்தில் பசு காளைக்கு ஏங்குகிற பருவத்துக்குப் பெயர் மதி. எழுதும்போது வேறு எழுத்து, வாயில் சொல்லும்போது காதுக்கு எல்லாம் ஒன்றுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும், ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும்.

நான் இதே வார்த்தையை, பின்னால் என் மனைவியும் மாமியும் நிற்க, "மதி வந்தாச்சு, மதி வந்தாச்சு" என்று கூவியிருக்கிறேன். போனை மெதுவாகக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் இந்த ஊர்க்காற்றில் மலையாளம் பேசி வியாபாரம் நடத்தியவன். எங்கள் கடையில் மாட்டுக்கு மருந்து விற்றதில்லை, அதுதான் காரணம்.

என் மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "பசுவுக்கு... அது வாறதுண்டே, அது வந்தாத்தான் டாக்டரக் கூப்பிடணுமாம்" என்றேன்.

"எது?"

"காளைக்கு..."

"பசு கத்துகதா? அது போன வாரம் கத்திச்சுல்லா. வாலுக்குக் கீழ கண்ணாடி மாதிரி வழிஞ்சுது. நான் பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு ஏன் சொல்லல்ல?"

"நீங்களும் டாக்டரும் பௌர்ணமிக்குன்னு நாள் குறிச்சு வச்சிருக்கிய. நடுவுல நான் என்னத்தச் சொல்ல? ஏதோ விசேஷ முகூர்த்தம்னு நெனச்சேன்."

வயல்காட்டில் பிறந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கேட்கவேண்டும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை. அன்றிலிருந்து தொழுவத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து ஜபம் பண்ணினேன். பசு இருமினாலும் என் மனைவியைக் கூப்பிட்டேன்.

ஆடி அமாவாசை. கர்க்கடக வாவு என்று ஊரே ஆற்றங்கரையில் பிதுர்களுக்குப் பலி கொடுக்கிற நாள். நானும் ஈரவேஷ்டியோடு, விரலில் தர்ப்பை மோதிரத்தோடு, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுக் கரையேறினேன். சட்டையோடு மடித்து வைத்திருந்த போன் அடித்தது. என் மனைவி.

"பசு கத்துகு. கேட்டியளா? நிறுத்தாம கத்துகு. வேகம் வாருங்க. அந்தத் தரகரும் வந்து நிக்காரு."

"அவரு ஏன் வந்தாரு?"

"மகன் சும்மா வந்து பாக்கச் சொன்னானாம்."

ஆற்றங்கரையில் அத்தனை பேர் நடுவில் நின்று டாக்டரைக் கூப்பிட்டேன். அன்று அவருக்கும் விடுமுறை.

"டாக்டரே, மதி."

"ஆகாசத்திலோ, பசுவிலோ?"

"இன்னைக்கு அமாவாசை, டாக்டரே. ஆகாசத்துல ஒண்ணும் இல்ல."

"அப்போ வர்றேன்" என்றார்.

ஈரவேஷ்டியோடு ஓடினேன். எங்கள் தெருவில் வயசான ஒருவர் அப்படி ஓடினால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். எதிரே வந்தவர்கள் முகத்தைத் தொங்கவைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். வாசலில் லாரி நின்றது. தரகர் தோளில் கயிற்றோடு பசுவை ஓரக்கண்ணால் எடைபோட்டுக்கொண்டிருந்தார். நானும் எடைபோட்டுப் பிழைத்தவன்தான், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பசு இரண்டு தெரு கேட்கக் கத்திக்கொண்டிருந்தது. மகன் காதைப் பொத்திக்கொண்டு, "இது என்னப்பா?" என்றான்.

"மதிடா" என்றேன். ஜென்மத்தில் முதல்தடவையாகச் சரியாகச் சொன்னேன்.

தரகர் சிரித்தார். மாட்டு விஷயம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர் சினை ஊசிக்குழாயோடு வந்ததும் தானே முன்வந்து பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "சினை நிக்குமானா நிக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு வேற பசு கிட்டாதா?" என்றார். அவரைப் பற்றி அதுவரை நான் நினைத்ததெல்லாம் கொஞ்சம் கலங்கியது. டாக்டர் என் விரலைப் பார்த்து, "மோதிரம் எதுக்கு?" என்றார். தர்ப்பையைக் கழற்ற மறந்திருந்தேன். அந்தக் கையால்தான் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா மன்னிப்பார். அவருக்கும் பசு என்றால் உயிர்.

மூன்று வாரம் கழித்துப் பசு கத்தவில்லை. ஒரு நாள் தள்ளி வருமோ என்று மறுநாளும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். கத்தவில்லை. ஓணத்துக்குக் கார் வந்தது. நிறுத்த இடமில்லாமல் தெருவில் நின்றது. மகன் வாக்குத் தவறவில்லை, "டாக்டர் சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னான். காக்கை எச்சம் விழாமலிருக்க அவன் அதற்கு உறை போட்டு மூடினான். என் மனைவி சுமங்கலிக்குச் செய்வதுபோல் அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

ஐப்பசியில் டாக்டர் வந்து கையுறை மாட்டிப் பார்த்தார். நானும் மனைவியும் மகனும், வேலிக்கு அந்தப் பக்கம் மாமியும். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விரலால் தேடினார். எனக்கு விஷ்ணு சகஸ்ரநாமம் நடுவில் மறந்துபோயிற்று.

"செனையுண்டு" என்றார்.

சினை என்ற அந்த வார்த்தையும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். ஆனாலும் நான், "எந்தச் செனை, டாக்டரே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். மகன்தான் முதலில் சிரித்தான். பிறகு காரைத் துடைக்கப் போய்விட்டான். அந்த லாரி எங்கள் வாசலுக்கு அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த பிரசவத்துக்கு முன்னால் என் மனைவி பாயசப் பாத்திரத்தைத் தொழுவத்துப் பக்கமே கொண்டுபோகவில்லை, ஈன்ற அன்றே பச்சைப்புல் கட்டை அவிழ்த்துப் போட்டாள். அந்தத் தடவை வாயில் மாட்டு வாசனை மட்டும்தான் வந்தது.

மாமி இப்போது, ஆடி அமாவாசையன்று பிதுர்கள் ஆசீர்வாதத்தில் நின்ற சினை என்று சொல்லிவருகிறார். அதை நான் மறுக்கமாட்டேன். அப்பா கேட்டிருப்பார், பகவான் அனுப்பியிருப்பார். ஆனால் அவர் அனுப்பினது ஸ்கூட்டரில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வெள்ளைப்பொடியும் குளுக்கோஸும் கொண்டுவந்தது. அதை விட்டுவிட்டு மல்லிப்பூவை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னொரு வீட்டில் இன்னொரு பசு பட்டினி கிடக்கும், அதைச் சுற்றி நின்று கும்பிடுவார்கள்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். பசு வளர்க்கிறவர் யாரையாவது தெரிந்திருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதின மாதிரியே சொல்லுங்கள். புல்லாங்குழலைச் சேர்க்கவேண்டாம், பத்தியத்தைச் சொல்லாமல் விடவேண்டாம். நகப்பூச்சு அழிக்கிற மருந்து என்பதை மல்லிப்பூ என்று மாற்றவேண்டாம். என் பெயர் கேட்டால் கரமனையில் ஒரு அண்ணாச்சி என்றால் மதி. இந்த மதி, போதும் என்கிற மதி.